அரசாங்கம் கொடுத்த அட்டை

அந்த ஃபைலை மேல வெக்காதீங்க தம்பி, மடியிலயே வெச்சுக்குங்க. ஒரு தடவ இதே ரூட்டுல ஒருத்தரு பையை மேல வெச்சுட்டுத் தூங்கிட்டாரு. பக்கத்துச் சீட்டுக்காரன் திருச்சியில மாத்தித் தூக்கிட்டு எறங்கிட்டான். இவரு பிள்ளையோட சர்டிபிகேட்டு எல்லாம் அவன்கூடப் போயிருச்சு, இவரு கையில ஒரு முறுக்கு டப்பா. மெட்ராஸ் வரைக்கும் அதைப் பாத்துப் பாத்து அழுதுட்டே வந்தாரு மனுசன்.

அட, போட்டோவுல காது ரெண்டும் தெரியுதே. வெள்ளைத் துணிக்கு முன்னாடி நிக்க வெச்சு எடுத்தது. அமெரிக்கா வீசாவுங்களா? நெனச்சேன். பாருங்க, நானும் அங்கதான் போறேன். நாளைக்குக் காலையில எனக்கும் இன்டர்வியூ. நல்லதாப் போச்சு, துணைக்கு ஆளாச்சு.

இந்த வயசுல இந்த ஆளுக்கு என்ன அமெரிக்கான்னு பாக்கறீங்க. ஊர் சுத்திப் பாக்கவா போறேன்? எம்பையன் அங்க இருக்கறான், டென்வர்ல. பூபதின்னு பேரு. அவன் இங்க வர முடியாது. அதனால நான் போறேன். அவ்வளவுதானுங்க.

ஏன் வர முடியாதுன்னா, நாயம் நீளும், பெரிய கதை. பரவால்லீங்களா? விழுப்புரம் வர்ற வரைக்கும் நமக்கு வேற என்ன சோலி.

என் பேரு நாச்சிமுத்து. கரூருக்கு மேக்க, நொய்யல் பக்கம். பீகாம் படிச்சவன். கவர்ன்மென்ட் கடையில சூப்பர்வைசரா இருந்து ரிட்டயர் ஆனேன். எந்தக் கடைன்னு நீங்க கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லிர்றேன், சாராயக்கடை. சாராயம்னு சொல்லக்கூடாது, அரசு மதுபானக் கடைன்னு சொல்லணும். போர்டுல அப்படித்தான் எழுதியிருக்கும். கம்பி வலைக்குள்ள நான், வலைக்கு வெளிய நூறு கை. காலையில இருந்து ராத்திரி வரைக்கும் கையி, கையி, கையி. ஒருத்தன் மூஞ்சியும் எனக்கு ஞாபகம் இல்லீங்க, விரலைப் பாத்தா வேணா ஆள் யாருன்னு சொல்லிருவேன்.

மரியாதையா? அட போங்க தம்பி. கல்யாணம் காட்சின்னு போனா, எம்பொண்டாட்டி பாவாயிய "கடைக்காரரு சம்சாரம்"னு சொல்லிட்டு வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிப்பாளுங்க. எந்தக் கடைன்னு சொல்ல மாட்டாளுங்க. ஒரு தடவ பொம்பளைங்க கூட்டமா வந்து கடை மேல சாணியக் கரைச்சு ஊத்தினாங்க. என் சட்டை மேலயும்தான். அதுல ஒருத்தி பாவாயிக்கு சித்தி மக. பொங்கலுக்கு வந்து எங்கூட்டுல பச்சடி பத்தலைன்னு கேட்டு வாங்கிச் சாப்பிட்டவ. நான் கம்முனு போயி பம்புசெட்டுல குளிச்சுட்டு வந்து மறுபடி கடையத் தொறந்தேன். அரசாங்கம் விக்கச் சொல்லுது, நான் விக்கறேன். நம்மூருல சரக்கு விக்கறதே மதுவிலக்கு மந்திரி இலாகாதானுங்களே. பாட்டில் மேலயே குடிக்காதீங்கன்னு அச்சடிச்சு உள்ள சரக்க ஊத்திக் குடுக்கறாங்க. இதுல நாச்சிமுத்து மேல மட்டும் சாணி.

ஆனா ஒண்ணு தம்பி. எனக்கு ஒரு அட்டை குடுத்திருந்தாங்க. போட்டோ ஒட்டி, முத்திரை குத்தி, கவர்ன்மென்ட் அடையாள அட்டை. அதை நான் பெருசா மதிச்சதில்லை, பீரோவுல துணிக்கு அடியில கெடந்துச்சு. ஒரு நாள் என்ன ஆச்சுன்னா, ஊருக்குள்ள இருந்த ஒரு கடைய மூடச் சொல்லிட்டாங்க. அங்க மிச்சமிருந்த சரக்க எங்க கடைக்கு மாத்தணும். குட்டியானை வண்டியில ஏத்திக்கிட்டு நான் முன்னாடி உக்காந்து வரேன். பரமத்தி ரோட்டுல மதுவிலக்குப் போலீசு மறிச்சுட்டான். இன்ஸ்பெக்டர் ஊருக்குப் புதுசு, எம்பையன் வயசுதான் இருக்கும். "எறங்குடா"ன்னான். என்னையங்க! ரோட்டுல போற வர்றவனெல்லாம் பாக்கறான். பையத் தொழாவி அந்த அட்டைய எடுத்து நீட்டினேன். அன்னைக்குன்னு கையில இருந்தது எந்தச் சாமி புண்ணியமோ. வாங்கிப் பாத்தவன் மூஞ்சி மாறிப் போச்சு. "சார், இதை நீங்க கழுத்துல போட்டிருந்தா நான் வண்டியை நிறுத்தியே இருக்க மாட்டேன் சார்"னான். சார்னான் தம்பி. என்னைய சார்னு சொன்ன முதல் ஆள் அவன்தான்.

அன்னைக்குத் தெரிஞ்சுக்கிட்டேன். கேக்கறதுக்கு முன்னாடியே தெரியணும். கேட்டதுக்கப்பறம் எடுத்து நீட்டினா திருடன் மாதிரி. கழுத்துல தொங்கினா ஆபீசர் மாதிரி. அதுக்கப்பறம் ரிட்டயர் ஆகற வரைக்கும் அந்த அட்டை இல்லாம நான் வெளிய போனதில்லை. குளிக்கறப்பக் கழட்டுவேன், அவ்வளவுதான்.

இதை எதுக்குச் சொல்றேன்னா, காரணம் இருக்குது, வரேன்.

பூபதி நல்லாப் படிச்சான். கம்ப்யூட்டரு. அமெரிக்கா போனான். அங்கயே பொறந்து வளர்ந்த பொண்ணு, மிதுனான்னு பேரு, நாமக்கல்லுப் பக்கத்துக்காரங்கதான், அதைக் கட்டிக்கிட்டான். அந்தப் பொண்ணு அந்த நாட்டுக் குடிமகள், அதனால இவனுக்கு கிரீன் கார்டு வந்துச்சு. ஒரு பேத்தி இருக்குது, இனியான்னு பேரு. எல்லாம் நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு. திடீர்னு கம்பெனியில ஆளக் குறைக்கறோம்னு நூறு பேரை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. இவனும் அதுல ஒருத்தன். வேலை தேடித் தேடிச் சலிச்சுப் போயி, ஒரு நாள் போன்ல சொல்றான், "அப்பா, ஒரு கடையில ஸ்டாக் பாக்கற வேலை கெடச்சிருக்குதுப்பா"ன்னு. என்ன கடைடான்னேன். மென்னு முழுங்கறான். அப்பறம் சொன்னான், கஞ்சாக் கடை.

எப்படி இருந்திருக்கும் எனக்கு? அடக் கெரகமேன்னு போனைத் தூக்கிக் கட்டில்ல எறிஞ்சேன். நம்மூருல ஒரு பொட்டலத்துக்கு உள்ள தூக்கிப் போட்டா ஜாமீன்ல வரதுக்குள்ள தாடி நரைச்சுரும். அதை விக்கற கடையில எம்பையன் கணக்குப் பாக்கறானாம். நான் சாராயம் வித்தது பத்தாதா, இவன் வேற எதுக்கு இதுல எறங்கறான்னு கொஞ்ச நாள் அவன்கூடப் பேசவே இல்லை. பாவாயிதான் ரகசியமாப் பேசிக்கிட்டிருந்தா.

அப்பறம் ஒரு நாள் அவளே போனைக் கொண்டாந்து என் மூஞ்சிக்கு நேரா நீட்டினா. "பாருங்க, உங்க மகன் கடையக் காட்டறான்"னா. பாத்தேன் தம்பி. நகைக்கடை மாதிரி இருக்குதுங்க! கண்ணாடிப் பெட்டி, லைட்டு. வாசல்ல ஒரு காவல்காரன், வயசுக்கு அட்டை பாத்துத்தான் உள்ள விடறான். வர்றவங்க வரிசையா நிக்கறாங்க, குட் மார்னிங் சொல்றாங்க, பில்லு வாங்கறாங்க. வயசான பொம்பளை ஒருத்தி முட்டி வலிக்கு எது நல்லதுன்னு கேட்டுட்டு நிக்கறா. ஒரு கை கூட வலைக்குள்ள வரலை. வலையே இல்லையே! தோட்டத்துல ஒவ்வொரு செடிக்கும் ஒரு நம்பர் அட்டை கட்டியிருக்குது, அந்தச் செடி மொளைச்சதுல இருந்து வித்து முடியற வரைக்கும் கவர்ன்மென்ட் கம்ப்யூட்டர்ல ஏறிருது. அதைப் பாக்கறதுதான் இவன் வேலை. அந்த மாநிலத்துல அதெல்லாம் சட்டப்படி. ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்த சட்டமாம். வரி வாங்கறாங்க, அந்த வரியில பள்ளிக்கூடம் கட்டறாங்களாம்.

எனக்கு முதல்ல பொறாமைதான் வந்துச்சு, மறைக்கறதுக்கு என்ன இருக்குது. நான் வித்தப்ப சாணி, அவன் வித்தா குட் மார்னிங். அப்பறம்தான் அவன் கழுத்தைப் பாத்தேன். ஒரு பேட்ஜ் தொங்குது. போட்டோ, பேரு, மாநில முத்திரை. "என்னடா அது"ன்னேன். "கவர்ன்மென்ட் குடுத்ததுப்பா, கைரேகை எல்லாம் எடுத்து, போலீஸ் விசாரிச்சு, நல்லவன்னு பாத்துக் குடுப்பாங்க. இது இல்லாம உள்ளயே போக முடியாது"ன்னான்.

நல்லவன்னு பாத்துக் குடுப்பாங்களாம்! எனக்கு மனசு ஆறிப் போச்சு. அன்னைக்கு ராத்திரி நல்லாத் தூங்கினேன். ஊருக்குள்ள யாருகிட்டயும் சொல்லலை, அது வேற. கேட்டவங்களுக்கு மருந்துக் கம்பெனின்னு சொல்லி வெச்சேன். நம்ம சனங்களுக்கு இதெல்லாம் புரியுங்களா?

இப்ப என் சகலை குழந்தைவேலுவப் பத்திச் சொல்லணும். பாவாயியோட தங்கச்சியக் கட்டினவன். அவன் மகனும் அங்கதான் இருக்கறான். அவனுக்குக் குடியுரிமை கெடச்சுது. கெடச்சதும் அப்பன் ஆத்தாளுக்குப் பேப்பர் போட்டுக் கூட்டிட்டுப் போயிட்டான். போயிட்டு வந்த குழந்தைவேலு இருக்கறானே, வெள்ளை ஷூவை மாட்டிக்கிட்டு தோட்டத்துல நடக்கறான், எங்க சாணிய மிதிச்சுருவமோன்னு எட்டி எட்டிக் கால வெச்சுக்கிட்டு. "என்ன சகலை, உங்க மருந்துக் கம்பெனி மகன் எப்பக் கூட்டிட்டுப் போறான்?"னு ஒறம்பரை அத்தனை பேருக்கு முன்னால கேக்கறான். சிரிச்சுக்கிட்டே கேக்கறான். எனக்கு எப்படி இருக்கும்?

பாவாயிக்கும் அப்பத்தான் ஒடம்பு முடியாமப் போக ஆரம்பிச்சுது. கால் வீங்குது, மூச்சு வாங்குது. கிட்னின்னாங்க. பேத்திய ஒரு தடவ மடியில வெச்சுப் பாத்தாப் போதும்னு பொலம்புவா. நான் பூபதிக்குப் போன் போட்டேன். "நீயும் குடியுரிமைக்கு எழுதிப் போடு, எங்களக் கூட்டிட்டுப் போ"ன்னேன். அவன் வக்கீல் ஒருத்தியக் கேட்டிருக்கறான். அந்தம்மா என்ன சொல்லுச்சாம் தெரியுங்களா? "இப்ப எழுதிப் போடாத. முதல்ல அந்தக் கடை வேலைய விடு. சில வருசம் போகட்டும். அப்பறம் பாக்கலாம்"னுச்சாம். ஏனாம்? மாநிலத்துல அது சட்டம், ஆனா குடியுரிமை குடுக்கறது மத்திய சர்க்காராம், அவங்க கணக்குல அது இன்னும் குத்தமாம்.

எனக்குக் கோவம் வந்துருச்சு. ரெண்டு மூணு தடவ வர வெச்சு ஃபீஸு புடுங்கறதுக்கு அந்தம்மா சொல்லுதுன்னு நெனச்சேன். "கவர்ன்மென்ட் குடுத்த பேட்ஜ் கழுத்துல இருக்குது, நீ எதுக்குடா ஒளியற? கைரேகை எடுத்துட்டு நல்லவன்னு சொல்லிக் குடுத்ததுதானே? எழுதிப் போடு"ன்னேன். "இல்லப்பா"ன்னான். "உங்கம்மா கால் வீங்கிக் கெடக்கறா, உனக்கு வக்கீல் பேச்சுப் பெருசா"ன்னேன். எழுதிப் போட்டுட்டான். நான் சொன்னா அவன் தட்ட மாட்டான் தம்பி. சின்னதுல இருந்தே அப்படித்தான். அப்படி வளர்த்தேன்.

இன்டர்வியூக்குக் கூப்பிட்டாங்க. கிளம்பற நேரத்துக்கு வீடியோவுல வரச் சொன்னேன். வெள்ளைச் சட்டை, நெத்தியில திருநீறு, எல்லாம் பாந்தமா இருந்துச்சு. கழுத்து மட்டும் வெறும் கழுத்து. "பேட்ஜ் எங்கடா?"ன்னேன். "அது எதுக்குப்பா அங்க"ன்னான். "மாட்டு"ன்னேன். அந்தப் பக்கம் மிதுனா, "மாமா, அது வேண்டாம் மாமா, கேட்டாப் பாத்துக்கலாம்"னுச்சு. இந்தப் பக்கம் பாவாயி, "அவன் இஷ்டத்துக்கு விடுங்க"ன்னா. பொம்பளைங்களுக்கு என்ன தெரியும். பரமத்தி ரோட்டுல குட்டியானைக்கு முன்னாடி நின்னது யாரு, நானா அவங்களா? "சட்டைக்கு மேல தெரியற மாதிரி மாட்டுடா. கேக்கறதுக்கு முன்னாடியே தெரியணும்"னேன். மாட்டினான். நேரா இருக்குதான்னு பாத்துட்டுத்தான் நான் போனை வெச்சேன்.

உள்ள ஒரு அம்மா ஆபீசராம். சிரிச்ச முகமாம். அந்த நாட்டுச் சரித்திரம், சட்டம்னு கேள்வி கேட்டிருக்குது, அத்தனைக்கும் பதில் சொல்லிட்டான். எழுதச் சொன்னதை எழுதிட்டான். எல்லாம் முடியற நேரம். அந்தம்மா பேனாவ மூடப் போனப்ப இவன் நெஞ்சப் பாத்துட்டு, "அது என்ன பேட்ஜ்?"னு கேட்டுச்சாம்.

இவன் சொல்லியிருக்கறான். பெருமையாத்தான் சொல்லியிருக்கறான், என் பேச்சைக் கேட்டுட்டுப் போனவனாச்சே. "அந்தச் சரக்க நீங்க கையில தொடுவீங்களா?"ன்னுச்சாம். "எடை போடுவேன், எண்ணுவேன், ஒரு கிராம் கூட வித்தியாசம் வந்ததில்லை"ன்னானாம். அந்தம்மா மூடின பேனாவ மறுபடி தொறந்துச்சாம்.

அப்பறம் என்ன, கொஞ்ச நாள்ல முடிவு வந்துச்சு. குடியுரிமை கிடையாது. ஏன்னா இவனுக்கு நன்னடத்தை இல்லையாம். எம்பையனுக்குங்க! பீடி புடிச்சதில்லை அவன். கட்டிங் அடிச்சதில்லை. நான் கடையில இருந்து வந்தா வாசல்லயே சட்டையக் கழட்டிட்டு வாங்கன்னு சொல்ற பிள்ளை அது, அந்த வாடை அவனுக்கு ஆகாது. அவனுக்கு நன்னடத்தை இல்லையாம்.

எனக்கு வயிறு எரியுது தம்பி. ஒரு சர்க்கார் கடையத் தொறன்னு சொல்லுது, லைசென்ஸ் குடுக்குது, வரி வாங்குது, முத்திரை குத்தி பேட்ஜ் குடுத்துக் கழுத்துல மாட்டி விடுது. இன்னொரு சர்க்கார் அதே பேட்ஜைப் பாத்துட்டு நீ யோக்கியன் இல்லைங்குது. இது என்ன நாடு? நம்மூருல ஒரு சர்க்காரே வித்துக்கிட்டு அதே சர்க்காரே குடிக்காதேன்னு சொல்லும். அது வெக்கங்கெட்ட பொழப்புத்தான், இல்லைங்கலை. ஆனா கடையில வேலை பாத்தவன நீ இந்த நாட்டுக்காரன் இல்லைன்னு சொல்லாது. மேல சாணி விழுந்தாலும் ரேஷன் கார்டுல பேர் இருக்கும்.

அதோட போச்சுன்னு நெனச்சீங்களா? அந்த வக்கீலம்மா தலையில அடிச்சுக்கிட்டுச்சாம். "உன் வாயாலயே ஒத்துக்கிட்டு வந்துட்ட. இனி இந்த நாட்டை விட்டுக் காலை வெளிய வெக்காத. உள்ளயே இருந்தா இருந்துக்கலாம். வெளிய போனா, திரும்பி வர்றப்ப ஏர்போர்ட்லயே நிறுத்திருவாங்க"ன்னுச்சாம். பொண்டாட்டி அங்க, பாப்பா அங்க, வீட்டுக் கடன் அங்க. எங்க போவான்? கூண்டுல போட்ட மாதிரி ஆயிருச்சு.

அந்த வேலையையும் விட்டுட்டான். இப்ப ஏதோ குடோன்ல பெட்டி எண்ணிக்கிட்டிருக்கறான்.

எனக்கு ஒண்ணு புரியலைங்க. அவ்வளவு படிச்சவன், கார்ல போறப்பக் கழட்டி வெச்சிருக்கலாமில்ல? நான் என்ன கூடவா போனேன்? அப்பன் எட்டாயிரம் மைல் அந்தப் பக்கம் இருந்து ஒண்ணு சொன்னா அதை அப்படியே செய்யறதா? கொஞ்சம் சொந்த புத்தி வேண்டாமா?

தண்ணி குடிக்கறீங்களா? வேண்டாமா. சரி.

பாவாயிக்கு முத்திப் போச்சு. டயாலிசிஸ்னு வாரத்துக்கு ரெண்டு தடவ கரூருக்குக் கூட்டிட்டுப் போவேன். ஊசி குத்தி நாலு மணி நேரம் படுத்திருப்பா. "எப்ப வரான்?"னு கேப்பா. "லீவு கெடைக்கலையாம்"னு சொல்லுவேன். ஒறம்பரைக்கும் அதேதான். ஒரு நாள் அவளே அவன்கிட்டக் கேட்டுட்டா போல இருக்குது. எல்லாம் தெரிஞ்சு போச்சு. அன்னைக்கு ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துக்கிட்டு என்னையவே பாக்கறா. "ஏனுங்க"ன்னா. "என்ன"ன்னேன். "ஊருக்குள்ள மருந்துக் கம்பெனின்னு சொன்னீங்க. இங்க நெசத்தைச் சொன்னா நாலு பேரு சிரிப்பாங்க, அவ்வளவுதான். அதை மறைச்சீங்க. அங்க கேக்கறதுக்கு முன்னாடியே காட்டுடான்னு சொன்னீங்களே, ஏனுங்க?"ன்னா.

அவளுக்கு அட்டையோட அருமை தெரியாது, வெளிய போயி வேலை பாத்திருந்தாத் தெரியும். மருந்து வேகத்துல பேசறான்னு விட்டுட்டேன். அவ செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா. அதுக்கப்பறம் என்கிட்ட அதிகம் பேசலை. தண்ணி வேணும்னா நர்சுகிட்டக் கேப்பா. ஒடம்பு அப்படி. பேசறதுக்குத் தெம்பு இல்லை.

கடைசி நேரத்துல நான் பூபதிக்குப் போன் போட்டுச் சத்தம் போட்டேன். "வாடா, பெத்தவ போறாடா"ன்னேன். "வந்தா இனியாவ மறுபடி பாக்க முடியாமப் போயிருமேப்பா"ன்னு அழுகறான். ஆம்பளை அழுகறதைக் கேக்க முடியலை, வெச்சுட்டேன். நீங்களே சொல்லுங்க, பெத்த தாய்க்கு வரணுமா வேண்டாமா? சட்டமாம் சட்டம். வந்திருக்கணும். என் வெசனம் அதுதான்.

போயிட்டா. கொள்ளி வெச்சது என் அண்ணன் பேரன். குழந்தைவேலு மகன் பறந்து வந்துட்டான் தம்பி, அந்த நாட்டுப் பாஸ்போர்ட்டு வெச்சிருக்கறானில்ல. நினைச்சா வரலாம், நினைச்சாப் போகலாம். வந்து முன்னாடி நிக்கறான். "பெரியம்மாவுக்கு இவன் வந்துட்டான், பெத்தவன் வரலையே"ன்னு பொம்பளைங்க பேசறது என் காதுலயே விழுது. அவன்தான் மயானத்துல போனைத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு நின்னான், பூபதி பாக்கறதுக்கு. எனக்கு அந்தப் போனைப் பாக்கப் புடிக்கலை. திரும்பிக்கிட்டேன். அப்பறம் ஒரு தடவ கண்ணு அதுல போயிருச்சு. அங்க இவன் தலைய மொட்டை அடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கறான். மிதுனாவே மிஷின் வெச்சு அடிச்சு விட்டுச்சாம். காதுக்கு மேல ஒரு பக்கம் முடி மிச்சம் இருந்துச்சு. சரியா அடிக்கத் தெரியலை அந்தப் பொண்ணுக்கு.

கொடுமுடியில காவேரியில சாம்பலக் கரைக்கப் போறப்பப் பூபதி கூப்பிட்டான். "அம்மாவோடது ஒரு கைப்பிடி தனியா எடுத்து வைங்கப்பா. என்னைக்காவது நீங்க இங்க வந்தாக் கொண்டாங்க. இங்க ஒரு ஆறு இருக்குது, நான் என் கையால கரைக்கறேன். அதையாவது எனக்குக் குடுங்கப்பா"ன்னான். சாம்பல வீட்டுக்குள்ள வெக்கக்கூடாதில்லீங்களா. சின்னச் சொம்புல போட்டு, மஞ்சத்துணியில வாயக் கட்டி, கெணத்து மேட்டு வேப்பமரத்துல தொங்க விட்டிருக்கேன். தெனமும் காலையில தண்ணி பாய்ச்சப் போறப்பப் பாப்பேன். காத்தடிச்சா ஆடும்.

அதுக்குத்தான் இந்த வீசா. சுத்திப் பாக்க இல்லை. இது கெடச்சாத்தான் அவன் கையால அவளுக்கு ஏதோ ஒண்ணு நடக்கும். கெடைக்கலைன்னா அந்தச் சொம்பு மரத்துலயே கெடக்க வேண்டியதுதான்.

மிதுனா போன்ல பாடம் நடத்துச்சு. "மாமா, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. பையன் என்ன வேலைன்னு கேட்டா இப்பப் பாக்கற வேலைய மட்டும் சொல்லுங்க. பழசை நீங்களா எடுக்காதீங்க. சொம்பைப் பத்தியும் பேசாதீங்க. மருமக திருப்பித் திருப்பிச் சொல்றாளேன்னு நினைக்காதீங்க மாமா"ன்னுச்சு. சரி சரின்னேன். சின்னப் பொண்ணு, அதுக்கு என்ன தெரியும், அங்க பொறந்தது.

நான் என்ன பண்ணப் போறேன்னா, முழுசாச் சொல்லிருவேன். எம்பையன் இந்த மாதிரி கவர்ன்மென்ட் லைசென்ஸ் கடையில ஸ்டாக் பாத்தவன், ஒரு கிராம் தப்பு வந்ததில்லை, நீங்கதான் அவன் மேல அபாண்டமாப் பழி போட்டுட்டீங்கன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிருவேன். அவன் பேட்ஜ் மாட்டின போட்டோவ கரூர் பஸ் ஸ்டாண்டுல பெருசாப் பிரிண்ட் போட்டு வெச்சிருக்கேன், இதோ இந்த உறையில. நாம ஒளிச்சாத்தானே அவங்களுக்குச் சந்தேகம்?

சித்த இருங்க, இந்தப் பையை எறக்கறேன். பாருங்க, இதுதான் என் அட்டை. போட்டோ கொஞ்சம் வெளுத்துப் போச்சு. ஆனா முத்திரை தெரியுது பாருங்க, நல்லாத் தெரியுது. ரிட்டயர் ஆனப்பத் திருப்பிக் குடுக்கச் சொன்னாங்க, தொலைஞ்சு போச்சுன்னு சொல்லிட்டேன். கயிறு புதுசு, நேத்துத்தான் வாங்கினேன். நாளைக்கு இதைக் கழுத்துல போட்டுக்கிட்டுத்தான் உள்ள போறேன். நீங்களும் உங்க ஆபீஸ் அட்டை இருந்தா மாட்டிக்குங்க தம்பி. கேக்கறதுக்கு முன்னாடியே தெரியணும்.

என்னங்க? வேண்டாங்கறீங்களா? ஏன் அப்படிப் பாக்கறீங்க? நீங்களும் அந்த வக்கீலம்மா மாதிரியே பேசறீங்களே. சரி விடுங்க, உங்களுக்கு இன்னும் வயசு இருக்குது.

இப்பவே ஒரு தடவ போட்டுப் பாத்துக்கறேன், காலையில அவசரமாப் போயிரும். பின்னாடி கயிறு முறுக்கிக்கிட்டு இருக்குதா? எனக்குக் கை எட்ட மாட்டேங்குது. பாவாயி இருந்தா அவ நேராக்கி விடுவா. நீங்க சித்த நேராக்கி விடுங்க தம்பி.